சபாடி மலேரியா: ஆண் எலிகள் மட்டும் ஏன் விழுகின்றன?

கோவில்பட்டிக்காரன் (கேள்வி)

வணக்கம். பிஎச்டி இரண்டாம் வருஷம். ஊர் பெயரிலேயே இருக்கிறது. வேலை வடக்கே ஒரு ஆய்வு நிறுவனத்தில், எலி மலேரியா. லேபில் கேட்டால் சிரிக்கிறார்கள், அதனால் இங்கே வந்தேன்.

சி57 பிளாக் 6 எலிகள் (இனி பி6), எட்டு வாரம் முடிந்தவை, ஆண் 6, பெண் 6. பிளாஸ்மோடியம் சபாடி ஏஎஸ் ஒட்டுண்ணி ஏறிய சிவப்பணு எலிக்கு 10 லட்சம், வயிற்றறைக்குள் ஊசி. மருந்து எதுவும் கிடையாது. தொற்று எப்படி ஏறி எப்படி இறங்குகிறது என்று பார்க்கும் முன்னோட்டம் மட்டும்தான்.

எட்டாம் நாள் வாக்கில் எல்லாவற்றுக்கும் உச்சம். பெண்கள் ஆறும் ரோமம் சிலிர்த்து, கூனிக் குறுகி, இரண்டு நாள் தீனி தொடாமல் கிடந்தன. 12-ம் நாள் கூண்டுக் கம்பியில் தொங்க ஆரம்பித்துவிட்டன. ஆண்களில் இரண்டு 10-ம் நாள் காலையில் செத்துக் கிடந்தன. மறுநாள் இன்னொன்று. மிச்சம் மூன்று தேறின, ஆனால் இழந்த எடை திரும்ப ரொம்ப நாள் பிடித்தது. ஸ்லைடிலும் ஆண்களின் ஒட்டுண்ணி விகிதம் (நூறு சிவப்பணுவில் எத்தனையில் ஒட்டுண்ணி) மெதுவாகத்தான் இறங்கியது.

பக்கத்து மேஜையில் சீனியர் ஒருவர் பெர்கை ஆங்கா (இன்னொரு எலி மலேரியா ஒட்டுண்ணி) பார்க்கிறார். அதே பி6, அதே எலிக்கூடம். ஆணும் பெண்ணும் பேதமில்லாமல் ஏழெட்டு நாளில் காலி. "உன் கைதான் சரியில்லை, ஊசி குடலுக்குள் போயிருக்கும்" என்கிறார். கைடு ஒரே வரியில் முடித்துவிட்டார்: "அடுத்த ரவுண்டில் பெண் மட்டும் எடு, டேட்டா சுத்தமாக வரும்."

இது நிஜமா, கைத்தவறா? பி6 என்றால் எல்லாம் அச்சில் வார்த்த மாதிரி ஒரே ஜீன்தானே, அப்புறம் எப்படி இவ்வளவு வித்தியாசம்? பெண் மட்டும் எடுத்தால் பின்னால் யாராவது கேள்வி கேட்பார்களா?

வெள்ளெலி (பதில்)

தம்பி, முதலில் உன் கையைக் காப்பாற்றிவிடுகிறேன். ஊசி குடலுக்குள் போனால் தொற்று ஏறாது, இல்லையென்றால் தள்ளி ஏறும். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாளில் உச்சம் வந்ததென்று நீயே எழுதியிருக்கிறாய். உன் சீனியருக்கு வேறு சாக்கு தேடச் சொல்.

நான் சபாடியோடு ஐந்தரை வருஷம் குடித்தனம் நடத்தியவள். அந்த நாளில் அம்மா போன் எடுத்தால் "உன் எலிக்குக் காய்ச்சல் தேவலையா?" என்றுதான் ஆரம்பிப்பாள். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: சபாடியில் ஆண் விழுவதும் பெண் எழுவதும் பழைய செய்தி. ஜெர்மனியில் டூசல்டார்ஃப் பல்கலைக்கழகத்தின் ஃபிராங்க் வுண்டர்லிச் குழு 1980-களின் பின்பாதியிலிருந்து இதையே விடாமல் தோண்டியது. அவர்கள் வைத்திருந்தது பி10, உன் பி6-க்குக் கூடப்பிறந்த வரிசை (ஒரே மரபாக வளர்த்த எலி வகை). பெண்கள் பெரும்பாலும் தானாகவே குணமாகின. அந்தப் பெண்களுக்கு மூன்று வாரம் டெஸ்டோஸ்டிரோன் ஏற்றிவிட்டுத் தொற்றினால் அவையும் விழுந்தன. ஆணைக் காயடித்தால் தாங்கும் சக்தி கூடியது.

இதுவரை யாரும் ஊகிக்கக்கூடியதுதான். என்னை நாற்காலியில் உட்கார வைத்தது அடுத்த சோதனை. மூன்று வாரம் ஹார்மோன் கொடுத்து, நிறுத்தி, 12 வாரம் சும்மா விட்டார்கள். ஏற்றியதெல்லாம் வடிந்துபோன பிறகு தொற்றினார்கள். அப்போதும் அந்தப் பெண்கள் விழுந்தன! ஹார்மோன் வந்துபோன தடம் ஈரலின் ஜீன் இயக்கத்தில் மிச்சமிருந்தது. அதனால் யாராவது உன்னிடம் "சாகும்போது ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் எவ்வளவு என்று அளந்தாயா?" என்று மடக்கினால், அந்த எண் மட்டும் கதையைச் சொல்லாது என்று பதில் சொல்லலாம்.

இனி "ஒரே ஜீன்தானே" என்ற கேள்வி. பி6, பி10 எல்லாமே 1921-ல் கிளாரன்ஸ் குக் லிட்டில் பிரித்தெடுத்த வரிசையின் வாரிசுகள். பெயரில் இருக்கும் 57, அவர் இணைசேர்த்த பெண் எலியின் எண். அண்ணன் தங்கையாக நூறு தலைமுறைக்கு மேல் சேர்த்துச் சேர்த்து எல்லாவற்றையும் ஒரே நகலாக்கினாலும், ஆணுக்கு ஒரு எக்ஸ், ஒரு ஒய், பெண்ணுக்கு இரண்டு எக்ஸ் என்பதை அழிக்க முடியாதல்லவா? மற்றபடி புத்தகம் ஒன்றுதான். எந்தப் பக்கத்தைத் திறந்து வாசிப்பது என்பதை ஹார்மோனும் சேர்ந்து முடிவுசெய்கிறது.

அதற்காக "ஆண் பலவீனம்" என்று பொத்தாம்பொதுவாக எழுதிவிடாதே. வுண்டர்லிச் குழுவின் 1988 கட்டுரையே எச்-2 தொகுதியையும் டெஸ்டோஸ்டிரோனையும் ஒன்றாக வைத்துப் பார்த்தது. பி10-இன் மற்ற ஜீன்களை அப்படியே விட்டு, எச்-2 என்ற நோயெதிர்ப்பு ஜீன் கூட்டத்தை மட்டும் மாற்றிய வரிசைகள் உண்டு. எச்-2 மாறினாலே தாங்கும் அளவு மாறியது. ஆண் பெண் வித்தியாசம் எவ்வளவு என்பது எந்த வரிசை என்பதைப் பொறுத்தது. ஏ/ஜே எலியை எடுத்துக்கொள். 1982-ல் மான்ட்ரியலில் மேரி ஸ்டீவன்சன் குழு பல வரிசைகளுக்கு சபாடி கொடுத்துப் பார்த்தபோது பி6, பி10 வகையறா தாங்கின, ஏ/ஜே செத்தன. பெண்ணாகவே பிறந்தாலும் ஏ/ஜே-க்கு அந்த அதிர்ஷ்டம் கிடையாது. நீ ஏ/ஜே-யில் இந்த முன்னோட்டத்தைச் செய்திருந்தால் இந்தக் கேள்வியே பிறந்திருக்காது.

அப்போது ஸ்டீவன்சன் குழு இந்தத் தாங்கும் சக்திக்குக் காரணம் ஓங்கிய (ஒரு நகல் இருந்தாலே வேலை செய்யும்) ஒற்றை ஜீன் என்று நினைத்தது. 1997-ல் 9-ம் குரோமோசோமில் சார்1, 8-ம் குரோமோசோமில் சார்2 என்று, சபாடியைத் தாங்குவதோடு தொடர்புள்ள இடங்கள் பிடிபட்டன. 1999-ல் சார்3, எச்-2 இருக்கும் 17-ம் குரோமோசோமில். ஒற்றை ஜீன் கதை அதோடு முடிந்தது.

எனக்குப் பிடித்தது சார்4. ஏ/ஜே-யையும் பி6-யையும் கலந்து ஏசிபி என்று கலப்பு வரிசைகள் உண்டாக்கினார்கள். அதில் 55, 61 என்ற இரண்டும் மரபில் பெரும்பகுதி ஏ/ஜே. கணக்குப்படி சாக வேண்டும். சாகவில்லை. பி6-இலிருந்து வந்த பாதுகாப்பு ஜீன் இருக்கும் என்று தேடினால், 3-ம் குரோமோசோமில் பைருவேட் கைனேஸ் (சிவப்பணுவில் உள்ள ஒரு நொதி) ஜீனில் ஒரே எழுத்து மாறியிருந்தது: 90-ம் இடத்தில் ஐசோலூசினுக்குப் பதில் அஸ்பராஜின். தாத்தா பாட்டி இருவரிடமும் இல்லாதது. வளர்ப்பின் நடுவில் தானாக முளைத்தது. 2003-ல் வெளியானது. அந்த எலிகளுக்கு எப்போதும் ரத்தச்சோகை, மண்ணீரல் வீங்கி, புது சிவப்பணு ஓயாமல் வந்துகொண்டே இருக்கும். சும்மா இருக்கும் நாளில் அது நோய், சபாடி வந்தால் கவசம். பிறகு அதே நொதி குறைந்த மனித சிவப்பணுவிலும் மனித மலேரியா ஒட்டுண்ணியான ஃபால்சிபாரம் சரியாக வளரவில்லை என்று காட்டினார்கள். எலியில் தேடியது மனிதனிடம் போய் நின்ற அரிய இடம் இது.

பெர்கை ஆங்கா வேறு சாவு, தம்பி. பி6-இல் அது மூளை மலேரியா. ஒட்டுண்ணி விகிதம் சபாடி உச்சத்தைவிட எவ்வளவோ கம்மியாக இருக்கும்போதே வலிப்பு, பக்கவாதம், கோமா. சிடி8 டி-செல்கள் (ஒருவகை நோயெதிர்ப்பு வெள்ளணுக்கள்) மூளை ரத்தக்குழாயில் போய் நின்று செய்யும் வேலை அது. அதே ஆங்காவை பால்ப்-சி என்ற வேறு வரிசை எலிக்குக் கொடுத்தால் பெரும்பாலும் மூளை தப்பும். மூன்றாவது வாரத்தில் ஒட்டுண்ணி பெருகி, சோகை முற்றிச் சாகும். எலி மாறினால் சாவின் வகையே மாறுகிறது. உன் சீனியரின் சோதனையில் எட்டாம் நாளுக்குள் நூற்றுக்கு நூறு போய்விடுகிறதே, அங்கே ஆண் பெண் வித்தியாசம் தெரிய இடம் எங்கே இருக்கிறது? எல்லாரும் பூஜ்யம் வாங்கிய பரீட்சையில் யார் கெட்டிக்காரன் என்று கேட்பது மாதிரி.

கடைசியாக "தீவிரம்" என்று எதை எழுதுகிறாய் என்று பார். சாவா, ஒட்டுண்ணி விகிதமா, எடையா, சிவப்பணு எண்ணிக்கையா? ஒட்டுண்ணியைக் குறைப்பது ஒரு திறமை. ஒட்டுண்ணி இருந்தும் உடம்பு கெடாமல் தாங்குவது இன்னொன்று. 2007-ல் ராபெரி, சிம், ரீட் மூவரும் ஐந்து எலி வரிசைகளில் இதே சபாடியை வைத்து இரண்டையும் பிரித்துக் காட்டினார்கள். ஒன்றில் கெட்டியான வரிசை மற்றதில் சோடையாக இருந்தது. உன் பெண்கள் கொன்று ஜெயித்தனவா, தாங்கி ஜெயித்தனவா? ஒவ்வொரு எலிக்கும் உச்ச விகிதத்தை ஒரு அச்சிலும் இழந்த எடையை மற்ற அச்சிலும் போட்டுப் பார். அரை மணி நேர வேலை.

பெண் மட்டும் எடுப்பதைப் பற்றி: நான் அதைத்தான் செய்தேன். எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். ஆண்கள் சண்டை போடும், பெண் என்றால் ஒரே கூண்டில் ஐந்து போடலாம். வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்தவர் ஆய்வேட்டைப் புரட்டிவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "மொத்தம் எத்தனை ஆண் எலி?" ஒன்றுகூட இல்லை. எலியின் எதிர்ப்பாற்றல் என்று தலைப்பு வைத்திருந்தேன். பட்டம் கொடுத்தார்கள், ஆனால் அந்தக் கேள்விக்கு இன்றைக்கும் என்னிடம் பதில் கிடையாது.

எலிக்கூட வைத்தியர் (பதில்)

கால்நடை மருத்துவர், ஆய்வக எலிக்கூடப் பொறுப்பு. அக்கா ஜீனையும் ஹார்மோனையும் சொல்லிவிட்டார். நான் கூண்டைப் பார்க்கிறேன்.

செத்த மூன்றும் ஒரே கூண்டா? ஆண்களை வெவ்வேறு ஈற்றிலிருந்து எடுத்துச் சேர்த்தாயா? ஆறு வாரம் தாண்டிய அந்நிய ஆண்களைச் சேர்த்தால் அன்றிரவே அடிதடி. வால் அடியிலும் முதுகிலும் கடிக்காயம் இருந்ததா? அடிவாங்கும் எலியின் உடம்பே வேறு: அழுத்த ஹார்மோன் ஏறும், தீனி குறையும். காயடித்த காளைக்கும் பொலிகாளைக்கும் உள்ள வித்தியாசம் ஊரில் எல்லாருக்கும் தெரியும், எலி என்றதும் மறந்துவிடுகிறார்கள்.

எலி எங்கிருந்து வந்தது என்பதும் முக்கியம். 2016-ல் யோயெலி என்ற இன்னொரு எலி மலேரியா ஒட்டுண்ணியை வைத்து ஒரு ஆய்வு: வெவ்வேறு விற்பனையாளர்களிடம் வாங்கிய பி6-களில் ஒன்றுக்கு லேசாக வந்தது, இன்னொன்றுக்கு ஒட்டுண்ணி எகிறியது. காரணம் குடல் நுண்ணுயிர்கள். அவற்றை எடுத்து நுண்ணுயிரற்ற எலிக்கு மாற்றினால் நோயின் தீவிரமும் கூடவே போனது. ஜீனை மட்டும் பார்த்தால் போதாது என்பதற்குச் சொல்கிறேன்.

தீனி இன்னும் வேடிக்கை. 1952-ல் லிவர்பூலில் மேக்ரெய்த் குழு பெர்கை கொடுத்த எலிகளுக்குப் பால் மட்டுமே ஊட்டியது, மலேரியா தலையெடுக்கவில்லை. அடுத்த வருஷம் ஃபிராங்க் ஹாக்கிங் (விஞ்ஞானி ஸ்டீபனின் அப்பா) காரணம் சொன்னார்: ஒட்டுண்ணிக்குத் தேவையான பாரா அமினோ பென்சாயிக் அமிலம் பாலில் போதாது. ஆகவே தீனி மூட்டையின் பேட்ச் எண்ணைக் குறித்து வை. நடுவில் மாற்றினால் அதையும் குறி.

இன்னொன்று, ஊசி போட்டது யார், ஆணா பெண்ணா? சிரிக்காதே. 2014-ல் கனடாவில் காட்டினார்கள்: ஆண் மனிதன் அறையில் இருந்தாலே, அவன் போட்டுக் கழற்றிய பனியன் இருந்தாலே, எலிகளுக்கு அழுத்த ஹார்மோன் ஏறுகிறது.

கடைசியாக ஒரு திட்டு. "காலையில் செத்துக் கிடந்தன" என்று எழுதியிருக்கிறாய். நெறிக்குழுவிடம் கொடுத்த படிவத்தில் முடிவுப்புள்ளி என்று ஒரு கட்டம் இருந்திருக்குமே? எடை ஐந்தில் ஒன்று குறைந்தாலோ, உடம்பு சில்லிட்டாலோ, புரட்டிப் போட்டால் எழுந்திருக்காவிட்டாலோ, அதுவே உன் "சாவு". அந்த நிமிஷமே வலியில்லாமல் முடித்துவைக்க வேண்டும். பத்தாம் நாள் மாதிரி நாட்களில் ராத்திரி பத்து மணிக்கு ஒருமுறை போய்ப் பார்க்காமல் தூங்கப் போகக்கூடாது.

பி மதிப்பு (பதில்)

6-இல் 3 எதிர் 6-இல் 0. ஃபிஷர் சோதனை, இருபக்கம்: 0.18. அதாவது ஆண் பெண் வித்தியாசமே இல்லாவிட்டாலும் தற்செயலாக இவ்வளவு வித்தியாசம் வர நூற்றுக்குப் பதினெட்டு வாய்ப்பு. நிஜமா என்று கேட்டால் உன் டேட்டா மட்டும் வாயைத் திறக்காது. மற்றவர்களுடையதும் சேர்ந்துதான் பேசுகிறது.

பெண் மட்டும் எடுத்தால் எலி மிச்சமாகும் என்பது கட்டுக்கதை. அதே எண்ணிக்கையைப் பாதி ஆண், பாதி பெண் என்று பிரித்து, பாலினத்தை ஒரு காரணியாகப் போட்டுப் பகுத்தால் மருந்தின் பொதுவான விளைவைக் காணும் வலு பெரிதாகக் குறையாது. பெண் எலிக்கு நாலைந்து நாளுக்கொரு சினைச் சுழற்சி இருப்பதால் டேட்டா சிதறும் என்று பயமுறுத்துவதும் பழங்கதை. 2014-ல் நிறைய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது பெண் எலிகள் ஆண்களைவிட அதிகம் சிதறவில்லை. அமெரிக்காவின் என்ஐஎச் (மருத்துவ ஆய்வுக்கு நிதி தரும் அரசு நிறுவனம்) 2016-லிருந்து நிதி கேட்கும்போதே பாலினத்தைக் கணக்கில் எடுக்கச் சொல்கிறது.

கோவில்பட்டிக்காரன்

நன்றி அக்கா, டாக்டர், பி மதிப்பு அண்ணே. 0.18 பார்த்து ஒரு மணி நேரம் சாப்பிடவில்லை.

டாக்டர் கேட்டதற்கு: ஆண்கள் இரண்டு கூண்டு, மூன்று மூன்று. செத்ததில் இரண்டு ஒரே கூண்டு. கடிக்காயம் பார்த்த ஞாபகம் இல்லை, அப்போது பார்க்கத் தோன்றவும் இல்லை. ஊசி போட்டது நான்தான், பனியனோடுதான். முடிவுப்புள்ளி விஷயத்தில் திட்டு வாங்கிக்கொள்கிறேன். படிவத்தில் இருக்கிறது, எனக்கு முன்னால் இருந்தவர் எழுதியதை அப்படியே ஒட்டியிருந்தேன்.

அக்கா சொன்ன படத்தைப் போட்டுப் பார்த்தேன். பெண்கள் உச்ச விகிதத்தில் ஆண்களைவிடக் கொஞ்சம்தான் கீழே. ஆனால் அதே உச்சத்துக்கு ஆண்கள் இழந்த எடை அதிகம். தாங்கி ஜெயித்தன என்று எடுத்துக்கொள்ளலாமா?

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பெண்களுக்கு ஸ்மியர் (ஸ்லைடில் ரத்தம் தடவி எடுப்பது) காலை ஒன்பது மணிக்கு எடுத்தேன். ஆண்களுக்குப் பெரும்பாலும் கிளாஸ் முடிந்து, ராத்திரி ஒன்பது, பத்து. இது பெரிய தப்பா?

வெள்ளெலி

பெரிய தப்பு! நல்லவேளை சொன்னாய்.

சபாடி கடிகாரம் பார்த்து வேலை செய்கிற ஒட்டுண்ணி. 24 மணி நேரச் சுற்று, எல்லாம் ஏறக்குறைய ஒன்றாகவே நகரும். விளக்கு வழக்கமான நேரத்தில் எரிந்து அணைந்தால் நடுராத்திரியை ஒட்டித்தான் சிவப்பணுக்கள் வெடிக்கும். அதற்கு முன்னால் முதிர்ந்த ஒட்டுண்ணிகள் ஓடும் ரத்தத்தைவிட்டு விலகி ஈரல் மாதிரி இடங்களில் போய் ஒட்டிக்கொள்ளும். வால் நுனி ரத்தத்தில் அவை குறைந்து தெரியும். காலை ஒன்பது மணி ஸ்லைடில் இளசுகள் எல்லாம் ஓடும் ரத்தத்திலேயே இருக்கும். ஆக நீ பெண்ணுக்கு ஒரு நேரத்திலும் ஆணுக்கு வேறு நேரத்திலும் எண்ணியிருக்கிறாய். உன் படத்தில் ஆண் உச்சம் குறைவாகக் காட்டப்பட்டிருக்க வாய்ப்பு உண்டு. "அதே உச்சத்துக்கு அதிக எடை இழப்பு" என்கிறாயே, உண்மையில் ஆணின் உச்சம் இன்னும் மேலே இருந்திருக்கலாம். தாங்கி ஜெயித்தன என்ற வரியை அடித்துவிடு. எடையும் சாவும் நிற்கின்றன. ஸ்லைடு கணக்கு நிற்காது.

மனசைத் தளரவிடாதே. கீம்சா சாயமேற்றிய ஸ்லைடுகளைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தால் ராத்திரி ஸ்லைடில் எத்தனை மோதிர வடிவம், எத்தனை முதிர்ந்தது என்று பிரித்து எண்ணிப் பார். உன் எலிக்கூடத்தில் ஒட்டுண்ணிக் கடிகாரம் எத்தனை மணிக்கு அடிக்கிறது என்பதாவது தெரியும். அது உனக்குக் கடைசிவரை உபயோகப்படும்.

காய்ச்சல் டாக்டர் (பதில்)

சென்னையில் பொது மருத்துவர். எலியைப் பற்றி எனக்குத் தெரியாது, மனிதர்களைப் பற்றி ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன்.

ஜீனும் பாலினமும் ஒரே புள்ளியில் சந்திப்பதை நான் வாரம் தவறாமல் பார்ப்பது ஜி6பிடி-யில் (சிவப்பணுவைக் காக்கும் ஒரு நொதி). அந்த ஜீன் எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆணுக்கு ஒரே நகல், அது பழுதென்றால் முழுக் குறைபாடு. பெண்ணுக்கு ஒன்று பழுது, ஒன்று நல்லது என்றால் ஒவ்வொரு செல்லிலும் ஒரு எக்ஸ் உறங்கிவிடுவதால் ரத்தத்தில் இரண்டு வகை சிவப்பணுவும் கலந்து ஓடும். மலேரியா உள்ள ஊர்களில் இந்தக் குறைபாடு ஏன் அழியாமல் நிற்கிறது என்பதற்கு மலேரியாவிலிருந்து கிடைக்கும் பாதுகாப்பைத்தான் காரணமாகச் சொல்கிறார்கள். சென்னையில் எங்களுக்கு வருவது பெரும்பாலும் விவாக்ஸ் வகை மலேரியா. ஈரலில் ஒளிந்திருப்பதைக் கொல்ல 14 நாள் பிரைமாகுயின் கொடுக்க வேண்டும். ஜி6பிடி குறைந்தவருக்குக் கொடுத்தால் சிவப்பணு உடைந்து சிறுநீர் கறுத்துப் போகும். பெண்ணுக்குச் சாதாரணப் பரிசோதனையில் "சரி" என்று வந்தாலும் நான் இரண்டு மூன்று நாள் கழித்துச் சிறுநீர் நிறம் கேட்காமல் விடுவதில்லை.

ஹார்மோன் விஷயத்தில் மனிதரிடமும் ஏதோ இருக்கிறது. கிழக்கு உகாண்டாவில் ஒரு கிராமப்புறக் குழுவைத் தொடர்ந்து கவனித்து 2020-ல் வெளியிட்டார்கள்: அறிகுறி இல்லாத ஃபால்சிபாரம் தொற்றைப் பெண்கள் ஆண்களைவிட வேகமாக ஒழித்தார்கள். அதைப் படித்துவிட்டு உன் கேள்வியைப் படித்ததும் எழுதத் தோன்றியது. ஆனாலும் எலியிலிருந்து நேரே மனிதனுக்குத் தாவாதீர்கள்.

வெள்ளெலி

டாக்டர் சொல்வது சரி. இன்னும் ஒரு படி கீழே போகலாம்: சபாடிக்கு இந்த வெள்ளை, கறுப்பு எலிகளே சொந்த வீடு கிடையாது. 1965-ல் ஐரீன் லாண்டாவ் அதை விவரித்தபோது அது மத்திய ஆப்பிரிக்கக் குடியரசின் புதர்க்காட்டு எலியிலிருந்து வந்தது. பெர்கையும் அப்படித்தான், 1948-ல் காங்கோவின் கட்டாங்காவில் வின்க்கே, லிப்ஸ் இருவரும் கண்டது. காட்டில் ஒட்டுண்ணியும் எலியும் ஒருவரையொருவர் சகித்துப் பழகியவை. பி6-இல் நாம் பார்ப்பது அந்நியர் இருவரின் மோதல். அந்த மோதலில் எந்த ஜீன் குறுக்கே நின்றது என்று கண்டுபிடிப்பதற்கு எலி உத்தமம். மனிதனுக்கு எவ்வளவு தீவிரமாக வரும் என்று ஜோசியம் சொல்ல அல்ல.

கோவில்பட்டிக்காரன்

இரண்டு வாரம் கழித்து வருகிறேன்.

கைடிடம் 0.18-ஐயும் ராத்திரி ஸ்லைடையும் நானே சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு "பாதிக்குப் பாதி எடு, நேரத்தை ஒன்றாக வை" என்றார். காயடித்த குழு கேட்டேன். அறுவைக்குத் தனி அனுமதி வேண்டும், இந்த வருஷம் முடியாது என்றார். ஏ/ஜே எங்கள் கூடத்தில் இல்லை, பால்ப்-சி மட்டும் இருக்கிறது. ஆகவே பி6, பால்ப்-சி இரண்டிலும் ஆணும் பெண்ணும், சபாடி ஏஎஸ், ஸ்மியர் எல்லாவற்றுக்கும் காலை ஒன்பது மணி. 9, 10, 11-ம் நாள் ராத்திரி பத்து மணிக்கும் ஒரு சுற்று, வெப்பமானியோடு. ஆண்களைத் தாயை விட்டுப் பிரிக்கும்போதே ஈற்றுவாரியாக வைத்துவிடச் சொல்லியிருக்கிறேன்.

ராத்திரி ஸ்லைடுகளை அக்கா சொன்னபடி பிரித்து எண்ணினேன். பத்து மணி ஸ்லைடில் முதிர்ந்தவை அரிதாகத்தான் கண்ணில் பட்டன. அதே எலியை ஞாயிற்றுக்கிழமை காலையில் எடுத்த ஒரு ஸ்லைடு இருந்தது. அதில் மோதிரங்கள் கொட்டிக் கிடக்கின்றன. ஸ்லைடு எண்ணுவது யார் என்பது மட்டும் பாக்கி. நான் எண்ணினால் எது ஆண் எது பெண் என்று எனக்குத் தெரிந்துவிடுகிறது.

எலிக்கூட வைத்தியர்

ஸ்லைடில் எலி எண்ணை எழுதாதே. வேறு ஒருவரிடம் கொடுத்து வேறு எண் ஒட்டச் சொல், பட்டியலை அவரே வைத்துக்கொள்ளட்டும். உன் சீனியரையே கேள். உன் கையைக் குறை சொன்னவருக்கு அந்த வேலை பொருத்தம்.

கோவில்பட்டிக்காரன்

கேட்டுவிட்டேன் டாக்டர். சம்மதித்தார். பதிலுக்கு அவருடைய பெர்கை ஸ்லைடுகளை நான் எண்ண வேண்டுமாம், 140 இருக்கிறது.